செய்கை காட்டாத விடை

இம்மலரின் ஆசிரியர் குழுவினர், பழைய மாணவன் என்ற முறையில் யானும் ஏதேனும் எழுதித் தருதல் வேண்டும் எனப் பணித்தபோது, எதனை எழுதுவது என்று சில நாட்கள் மயங்கினேன். கல்லூரியின் வரலாற்றை எழுதத் தகுதியுடையோர் பலர் உளர். துடுப்பாட்ட வெற்றிகளையும் விடுதியிற் செய்த குறும்புகளையும் சுவைபட எழுத என்னிலும் வல்லார் இருக்கின்றனர். யானோ, நாற்பது ஆண்டுகள் நோயாளரின் கண்ணிமையைக் கீழிறக்கிப் பார்த்தே காலங் கழித்த வைத்தியன். ஆதலின், எமது கல்லூரியிலே கற்ற ஒரு பாடத்தை மறந்தமையால் யான் இழைத்த ஒரு பிழையினையும், அப்பிழையை எனக்கு உணர்த்திய ஆசிரியப் பெருந்தகையையும் பற்றி எழுதுவதே பொருத்தம் எனத் துணிந்தேன். விழாக்காலத்தில் நோயைப் பற்றி எழுதுகின்றானே என்று அன்பர்கள் முகஞ் சுளிக்க வேண்டா. இரத்தசோகை என்னும் இந்நோய், இதனை வாசிப்போர் இல்லங்கள் பலவற்றிலே இன்றும் சந்தடியின்றிக் குடியிருக்கின்றது.

அறுபதுகளின் முற்பகுதியில் எமக்குக் கணிதம் கற்பித்த அவ்வாசிரியரின் பெயரை ஈண்டு எழுதேன். தமது பெயர் அச்சில் வருவதை அவர் ஒருபோதும் விரும்பியவரல்லர். வெள்ளை வேட்டி, தோளிலே சால்வை, நெற்றி நிறைந்த நீறு, விரலிடையிலே வெண்கட்டி. இத்தோற்றத்தை அக்காலத்து மாணவர் எவரும் மறந்திரார். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கணக்கின் விடை மட்டும் எழுதப்பட்டு, அவ்விடை வந்த வழி எழுதப்படாதிருப்பின், சிவப்பு மையினாலே, "விடை சரி, செய்கை எங்கே?" என்று எழுதிப் பூச்சியம் இடுவார். ஒருமுறை யான் நூலின் இறுதியில் அச்சிட்டிருந்த விடையைப் பார்த்து எழுதிவிட்டுப் பூச்சியம் பெற்றேன். "விடை பிழையில்லையே, சேர்" என்று எழுந்து நின்று நியாயம் பேசினேன். அவர் கோபிக்கவில்லை. "பிழையான விடையைத் திருத்தலாம், தம்பி. செய்கையில்லாத சரியான விடைதான் பொல்லாதது. அது உன்னை மேற்கொண்டு தேடவிடாது" என்றார். வகுப்பு முழுவதும் சிரித்தது. யானும் சிரித்தேன்; மறந்தேன்.

கொழும்பிலே வைத்தியக் கல்வியை முடித்து, எழுபதுகளின் நடுப்பகுதியில் மலைநாட்டுச் சிறு வைத்தியசாலை ஒன்றிற் கடமையேற்றேன். இரத்தசோகையின் முழுமுகத்தையும் யான் முதன்முதற் கண்டது அங்கேதான். ஒருநாட் காலை, ஏறத்தாழ முப்பது வயதுடைய கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தனர். உதடும் உள்ளங்கையும் வெளிறியிருந்தன; கால்கள் வீங்கியிருந்தன; நகங்கள் கரண்டிபோலக் குழிந்திருந்தன. "மலை ஏற முடியலைங்க ஐயா, நெஞ்சு படபடன்னு அடிக்குது" என்றாள். வேலைத்தலத்தில் அவளுக்குச் சோம்பேறி என்று பெயர். அவளுடைய ஈமோகுளோபின் 5 கிராம். நலமுள்ள பெண்ணுக்கு 12 கிராமுக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். பாதிக்கு மேற்பட்ட இரத்தச் செம்மையை இழந்த உடலோடு அவள் கூடை சுமந்து மலையேறிக்கொண்டிருந்தாள். சோம்பேறி என்று அவளை அழைத்தவர்களுள் ஒருவர், அந்நிலையில் ஒரு படியேனும் ஏறியிருப்பாரோ என்பது ஐயமே.

அவளுடைய நோயின் காரணம் கொளுக்கிப் புழு. செருப்பில்லாத காலின் வழியாக உடலிற் புகுந்து சிறுகுடலைப் பற்றிக்கொள்ளும் இப்புழுவை ஒழிப்பதற்காக, 1916 ஆம் ஆண்டு தொடக்கம் அமெரிக்க றொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களிலே பெருமுயற்சி செய்தனர். மலகூடமும் செருப்பும் எட்டாத இடங்களில் அது பின்னரும் நெடுங்காலம் நிலைத்திருந்தது. புழுவொன்று நாளொன்றுக்குக் குடிக்கும் இரத்தம் ஏறத்தாழ 0.03 மில்லிலீற்றர், ஒரு துளி என்று சொல்வதற்கும் போதாது. ஆயின் நூறு புழுக்கள் சேர்ந்தால் நாளுக்கு 3 மில்லிலீற்றர். கண்ணுக்குத் தெரியாத இச்சிறு கசிவு ஈராண்டு மூவாண்டு தொடரின், உறுதியான உடலும் சாய்ந்துவிடும். புழுவுக்கு மருந்தும், இரத்தத்திற்கு இரும்புக் குளிகையும் கொடுத்தோம். மூன்று மாதத்தில் அவள் தானாகவே நடந்து வந்து கும்பிட்டாள்.

அப்பெண்ணிடம் யான் இன்னொன்றும் கேட்டறிந்தேன். அவள் அரிசி புடைக்கும்போதெல்லாம் பச்சையரிசியைக் கைகையாக அள்ளித் தின்பாளாம். அடுப்பு மண்ணையும் சுரண்டித் தின்பாளாம். அதைக் கேட்ட கணத்தில், எங்கள் வீட்டுக் குசினி வாயிலிற் சுளகோடு அமர்ந்திருக்கும் என் தமக்கையார் கண்முன் தோன்றினார். அவரும் அவ்வாறே அரிசி தின்பார். "அரிசி தின்றால் உன் கலியாணத்தன்று மழை கொட்டப் போகின்றது" என்று ஆச்சி அதட்டுவார். நாங்கள் தம்பிமார் கைகொட்டிச் சிரிப்போம். மாலையானதும் அக்கா பாயிற் சுருண்டு கிடப்பார். படிப்பிற் கவனமில்லை என்று ஐயா கடிவார். உணவல்லாதவற்றைத் தின்னும் அவாவும் நீங்காத அசதியும் இரும்பு குன்றிய உடலின் முறையீடுகள் என்பதை அன்று எவரும் அறிந்திலோம். அவர் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தினார். வைத்தியனான பின்பு அவருக்குக் குளிகை வாங்கிக் கொடுத்தேன். அப்பொழுது அவர் மூன்று பிள்ளைகளின் தாய். "இப்படியும் ஒரு மனிசர் களைப்பில்லாமல் இருக்கலாமோ, தம்பி!" என்று அவர் வியந்து கேட்டது இன்றும் என் செவியிலே ஒலிக்கின்றது.

நிற்க. இரும்பிற்கும் இரத்தத்திற்கும் உள்ள உறவைச் சிறிது விளக்குதல் நன்று. 19 ஆம் நூற்றாண்டிலே மானிப்பாயில் வைத்தியர் சமுவேல் பிஸ்க் கிறீன் அவர்கள் தமிழ் மொழியிலேயே வைத்தியங் கற்பித்து, வைத்திய நூல்களையும் தமிழாக்கினார். அம்மண்ணிற் பிறந்த எமக்கு இதனைத் தமிழிற் கூறுதல் அரிதன்று.

வெளிறிப்போகும் இந்நிலையை எம் முன்னோர் பாண்டு என்றனர். பாரதத்துப் பாண்டு மன்னன் பிறப்பிலேயே வெளிறியவன் என்பது கதை. சித்த வைத்தியர் இதற்கு அயச் செந்தூரம் கொடுத்தனர். அயம் என்பது இரும்பே. மேலைநாட்டிலே, 1740களில் இத்தாலிய அறிஞர் மெங்கினி என்பார், எரித்த இரத்தத்தின் துகள்களைக் காந்தம் இழுப்பதைக் காட்டி இரத்தத்தில் இரும்புண்டு என நிறுவினார். 1830களில் பிரான்சிய வைத்தியர் புளோட் என்பார் இரும்புக் குளிகையாற் சோகை நீங்குவதை எடுத்துக்காட்டினார்.

வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள இரும்பு முழுவதையும் சேர்த்தால் 3 அல்லது 4 கிராம். ஓர் ஆணி செய்யப் போதுமானது. அதில் மூன்றில் இரண்டு பங்கு செங்குழியங்களிலுள்ள ஈமோகுளோபினில் இருந்துகொண்டு, சுவாசப்பையிலிருந்து ஒட்சிசனைச் சுமந்து உடலெங்குஞ் சேர்ப்பிக்கின்றது. ஆண்மக்களுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் வரை ஈரலிலும் என்பு மச்சையிலும் சேமிப்பாக இருக்கும். பெண்களுக்கு இச்சேமிப்பு மிகக் குறைவு. செங்குழியம் ஒன்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அது அழியும்போது அதிலிருந்த இரும்பை உடல் எறிந்துவிடுவதில்லை. மீண்டும் எடுத்துப் புதுக் குழியம் செய்கின்றது. எம்மூர்ச் சிக்கன இல்லாள், கூரையிற் கழற்றிய பழைய கிடுகையும் வேலிக்குப் பயன்படுத்துவது போன்றது இது. ஆகவே நாளொன்றுக்கு இழக்கும் இரும்பு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் மட்டுமே. உணவிலிருந்து உடல் எடுத்துக்கொள்வதும் அவ்வளவே. வரவும் செலவும் சமன். மாதவிடாயுள்ள பெண்ணுக்குச் செலவு கூடும். கருவுற்ற தாய்க்கு ஒரு கர்ப்பத்திற்கு ஏறத்தாழ 1000 மில்லிகிராம் வேண்டும். இக்கணக்கை அன்பர்கள் மனத்திற் கொள்க. கதை இதிலேதான் திரும்பப் போகின்றது.

2003 ஆம் ஆண்டு, தை மாதம். யான் வடக்கிற்கு மீண்டு, மாலை வேளைகளில் வீட்டு விறாந்தையிலே நோயாளரைப் பார்த்துவந்த காலம். ஒருநாள் எமது கணித ஆசிரியர் வந்தார். அவருக்கு அப்போது வயது 74. மனைவியார் முன்னரே காலமாகிவிட்டார். மூன்று படிகள் ஏறிவந்து, கதிரையைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் பேசாது நின்றார்.

"தம்பி, கோயில் வீதியை ஒருமுறை சுற்றுவதற்குள் இரண்டு தரம் நிற்கின்றேன். வயசு வந்துவிட்டது, வேறொன்றும் இல்லை" என்றார்.

கண்ணிமையைக் கீழிறக்கிப் பார்த்தேன். சங்குபோல வெளிறியிருந்தது. இரத்தம் எடுத்துச் சோதித்ததில் ஈமோகுளோபின் 9.1 கிராம் எனக் கண்டது. கண்ணாடித் துண்டிற் பூசிய இரத்தத்தை யானே நுணுக்குக்காட்டியிற் பார்த்தேன். செங்குழியங்கள் சிறுத்தும் நடுவிலே வெளிறியும் கிடந்தன. சில பென்சிலைப் போல் நீண்டிருந்தன. இரும்புக் குறைபாடு என்பதில் ஐயமேயில்லை. அவருடைய உணவை விசாரித்தேன். தூய மரக்கறி, பகலில் ஒருவேளைச் சோறு, இரவில் இடியப்பமோ பாணோ, நாளுக்கு ஐந்து முறை தேநீர், அதுவும் உண்டவுடன். இதனினும் வேறென்ன காரணம் வேண்டும்? மரக்கறியிலுள்ள இரும்பு குடலில் எளிதில் உறிஞ்சப்படாது. உணவோடு குடிக்கும் தேநீர் அவ்வுறிஞ்சலைப் பாதிக்குமேற் குறைத்துவிடும். இவையெல்லாம் உண்மையே. குளிகை எழுதிக் கொடுத்தேன். தேநீரை உணவுக்கு ஒரு மணிநேரம் பிந்திக் குடிக்குமாறும், முருங்கையிலையும் பயறும் தேசிக்காய்ப் புளியும் சேர்க்குமாறும் சொன்னேன்.

அவர் கடுதாசியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "இதே சோற்றையும் இதே கறியையும் தானே ஐம்பது வருடமாக உண்கின்றேன், தம்பி. அப்போதெல்லாம் குறையாத இரும்பு இப்போது மட்டும் எங்கே போயிற்று?"

"வயது சென்றால் குடல் முன்போல வேலை செய்யாது, சேர்" என்றேன், சிரித்துக்கொண்டு. வெளியிலே பத்துப்பேர் காத்திருந்தனர்.

பங்குனியில் ஈமோகுளோபின் 11.6 ஆக உயர்ந்தது. அவர் கோயில் வீதியை மூன்று முறை சுற்றுவதாகச் சொன்னார். எனக்குப் பெருமகிழ்ச்சி. இன்னும் ஒரு மாதத்திற்குக் குளிகை கொடுத்து, "இனி வரவேண்டியதில்லை, சேர்" என்றேன். கார்த்திகையில் அவருடைய பெறாமகன் அவரைத் துவிச்சக்கர வண்டியின் பின்னே இருத்திக் கொண்டுவந்தார். உடல் மெலிந்திருந்தது. ஈமோகுளோபின் 8.0.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவர் கேட்ட கேள்வி மட்டும் மீண்டும் மீண்டும் எழுந்தது. இரும்பு எங்கே போயிற்று? வைத்தியக் கல்லூரியின் மூன்றாம் ஆண்டு மாணவனும் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, நோயாளரே கேட்டும் யான் செவிசாய்த்திலேன். முதிர்ந்த ஆண் ஒருவருக்கு இரும்புக் குறைபாடு தோன்றின், வேறொரு காரணம் நிறுவப்படும் வரையில், குடலில் எங்கோ இரத்தங் கசிகின்றது என்றே கொள்ளல் வேண்டும். இது எமக்குக் கற்பிக்கப்பட்ட விதி. மலைநாட்டிலே காரணத்தைக் கண்டேன் என்று பெருமை கொண்டிருந்தேன். அங்கே காரணம் பெரும்பாலார்க்கும் ஒன்றே. நூலின் இறுதியில் அச்சிட்ட விடை போல அது ஆயத்தமாக இருந்தது. இங்கேயும் 'மரக்கறி உணவு' என்ற ஆயத்த விடையை எழுதிவிட்டேன்.

2002 இல் ஏ9 வீதி திறக்கப்பட்டிருந்தமையால் அவரைக் கொழும்புக்கு அனுப்புதல் இயலுவதாயிற்று. வளையும் அகநோக்கிக் குழாயினாற் பெருங்குடலைப் பார்த்தனர். குருட்டுக்குடலில், சிறுகுடல் வந்து சேருமிடத்திற்கு அண்மையில், ஒரு புற்றுக்கட்டி இருந்தது. அவ்விடத்திற் குடல் அகன்றது, மலமும் நீர்த்தன்மையானது, ஆகவே அடைப்போ நோவோ தோன்றுவதற்கு நெடுங்காலம் ஆகும். அதுவரையில் கட்டி சிறிது சிறிதாக இரத்தங் கசியும். நாளுக்குச் சில மில்லிலீற்றர் இரத்தம் மலத்தோடு கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. இரும்புக் குளிகையோ மலத்தைக் கறுப்பாக்கிவிடும். ஆகையால் நிறத்தைக் கொண்டு எதனையுந் துணிய இயலாது.

2004 ஆம் ஆண்டுத் தை மாதத்திற் சத்திரசிகிச்சை நடந்தது. அடுத்த வாரம் யான் கொழும்புக்குச் சென்று அவரைக் கண்டேன். யான் சொல்ல வந்ததைச் சொல்ல முடியவில்லை. அவரோ, "உடம்பில் உள்ள இரும்பு எவ்வளவு, ஒருநாட் செலவு எவ்வளவு, தம்பி?" என்று கேட்டார். சொன்னேன். கதிர்ப்படம் வைத்திருந்த பெரிய கடித உறையின் பின்புறத்தில், பென்சிலாற் கணக்கிட்டார்.

சேமிப்பு 1000 மில்லிகிராம். அன்றாடச் செலவு 1 மில்லிகிராம். ஒருவன் உணவிலிருந்து இரும்பே பெறாவிடினும், சேமிப்புத் தீர ஏறத்தாழ மூன்று ஆண்டு செல்லும். பாதியேனும் பெறுவானாயின் ஐந்தாண்டுக்கு மேற் செல்லும். ஐம்பது ஆண்டு சமனாக ஓடிய கணக்கு, உணவு மாறாதிருக்கத் திடீரெனக் கவிழ நியாயமில்லை. ஆனால் ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்புண்டு. நாளுக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர் இரத்தங் கசிந்தால், இழப்பு 2.5 மில்லிகிராம், ஓராண்டில் 900 மில்லிகிராமுக்கு மேல். சேமிப்பு முழுவதும் போய்விடும்.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "முதல் நாளே நீர் விடையைச் சரியாகத்தான் எழுதினீர், தம்பி" என்றார். மற்றப் பாதியை அவர் சொல்லவில்லை. என் கண்கள் நிறைந்தன. அவர் சால்வை நுனியாற் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, பழைய மாணவர் சிலருடைய சுகம் விசாரிக்கத் தொடங்கினார்.

கட்டி, அருகிலிருந்த நிணநீர்க் கணுக்கள் இரண்டிற்குப் பரவியிருந்தது. அதன்பின் அவர் மூன்றாண்டும் சில மாதங்களும் வாழ்ந்தார். 2007 இல் தம் வீட்டிலே காலமானார். யான் தவறவிட்ட அந்த மாதங்கள் எத்துணை வேறுபாட்டைச் செய்தனவென்று எவராலும் அறுதியிட்டுக் கூற இயலாது. அறுதியிட்டுக் கூற இயலாமையே எனக்கு விதிக்கப்பட்ட தண்டனை எனக் கொள்கின்றேன்.

இனி, இதனை வாசிக்கும் அன்பர்கள் பயன்கொள்ளத்தக்க சிலவற்றைச் சுருங்கக் கூறுவேன். முதலாவது, நோயை அறிதல். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, ஆண்களுக்கு 13 கிராமும், பெண்களுக்கு 12 கிராமும், கருவுற்றோர்க்கு 11 கிராமும், கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களில் 10.5 கிராமும் ஈமோகுளோபினின் கீழெல்லை. இவை ஒரு டெசிலீற்றர் இரத்தத்திற்குரிய அளவுகள். எல்லைக்குக் கீழ் இறங்கினாற் சோகை என்று மட்டுமே பொருள்; இரும்புக் குறைபாடு என்று பொருளன்று. இரும்பின் சேமிப்பைக் காட்டுவது பெரிற்றின் என்னும் பரிசோதனை. அது லீற்றருக்கு 15 மைக்கிரோகிராமுக்குக் குறையின் சேமிப்புத் தீர்ந்துவிட்டது. பல வைத்தியர் 30 ஐயே எல்லையாகக் கொள்வர். அமெரிக்க இரைப்பை குடல் வைத்தியர் சங்கத்தார் 2020 இல் 45 என்றனர். காய்ச்சலோ அழற்சியோ இருப்பின் பெரிற்றின் பொய்யாக உயர்ந்து நிற்கும். அப்போது 70 வரையிலும் ஐயுறல் வேண்டும்.

செங்குழியம் சிறுத்திருப்பவர் எல்லாரும் இரும்பு குறைந்தவர் அல்லர் என்பதையும் மறத்தலாகாது. தலசீமியா என்னும் பரம்பரைக் குறையைச் சிறிதளவிற் சுமப்போர் எமது நாட்டிலும் உளர். அவர்களுடைய குழியங்களும் சிறியனவே; ஆயின் இரும்பு நிறைய இருக்கும். அவர்க்கு ஆண்டுக்கணக்கிற் குளிகை கொடுத்தல் பயனற்றது, தீங்கும் ஆகலாம்.

இரண்டாவது, காரணத்தைத் தேடுதல். வளரும் பிள்ளைக்கு உணவும் புழுவும், மங்கையர்க்கு மாதவிடாயின் மிகுதியும், தாய்மார்க்கு அடுத்தடுத்த பேறும் காரணமாதல் பெரும்பான்மை. ஆடவர்க்கும் மாதவிடாய் நின்ற பெண்டிர்க்கும் இவை பொருந்தா. இவர்களுட் குடலைச் சோதித்தால், ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு அங்கே காரணம் காணப்படும். பத்துப் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு அது புற்றுநோயாக இருக்கும். இரைப்பைப் புண், அசுப்பிரினும் மூட்டு நோவுக் குளிகைகளும் செய்யும் கசிவு, இரும்பை உறிஞ்சவொட்டாத குடல் நோய்கள் என்பனவும் உள. மூலவியாதி இருக்கின்றதே என்று அதன்மேற் பழிபோட்டு நிறுத்துதல் பெருந்தவறு. மூலவியாதியும் புற்றும் ஒருவரிடமே ஒருங்கே இருத்தலுங் கூடும்.

மூன்றாவது, பரிகாரம். 200 மில்லிகிராம் பெரசுச் சல்பேற்றுக் குளிகை ஒன்றில் ஏறத்தாழ 65 மில்லிகிராம் இரும்புண்டு. யான் இளைஞனாக இருந்தபோது நாளுக்கு மூன்று குளிகை கொடுத்தோம். நோயாளர் வயிற்றெரிவும் மலச்சிக்கலும் தாங்காது அவற்றைக் கிணற்றடியில் எறிந்தனர். இந்நூற்றாண்டின் தொடக்கத்திலே, ஈரல் சுரக்கும் ஹெப்சிடின் என்னும் பொருள் கண்டறியப்பட்டது. இரும்பு உட்சென்றதும் இது எழுந்து, ஏறத்தாழ ஒரு நாளுக்குக் குடலின் கதவை ஒருக்களித்துச் சாத்திவிடுகின்றது. பின்வரும் குளிகைகளில் உள்ளே செல்லும் பங்கு குறைந்துவிடும். ஆகவே நாளுக்கு ஒன்று, தாங்காதவர்க்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஒன்று என்பதே இன்றைய முறை. வெறுவயிற்றில், தேசிக்காய்த் தண்ணீரோடு எடுத்தல் நன்று. தேநீர், கோப்பி, பால், சுண்ணாம்புச் சத்துக் குளிகை என்பவற்றோடு கூட எடுத்தலாகாது. மலம் கறுத்தல் கண்டு அஞ்ச வேண்டா. குளிகைப் போத்தலைச் சிறுபிள்ளைகளின் கைக்கு எட்டாது வைத்தல் வேண்டும்; இனிப்பென்றெண்ணிப் பல விழுங்கின் உயிருக்கே மோசம்.

இரண்டு வாரத்தில் ஈமோகுளோபின் ஒரு கிராமளவு உயர்தல் வேண்டும். உயராவிடின், குளிகை உட்கொள்ளப்படவில்லை, அல்லது உறிஞ்சப்படவில்லை, அல்லது வந்ததை விஞ்சிக் கசிகின்றது, அல்லது நோயே வேறு. அளவு சரியான பின்பும் சேமிப்பு நிறைய மூன்று மாதம் தொடர்தல் வேண்டும். உடல் தெம்பானதும் நிறுத்துவோரே பலர். குளிகை ஒவ்வாதவர்க்கு நாளத்தின் வழியாக இரும்பேற்றும் நன்மருந்துகள் இப்போது உள.

உணவு வருமுன் காப்பது. முருங்கையிலை, பொன்னாங்காணி, குரக்கன், பயறு, பருப்பு இவற்றோடு நெல்லிக்காய், கொய்யாப்பழம், தேசிப்புளி சேர்ந்தால் இரும்பு நன்கு உறிஞ்சப்படும். மீனும் இறைச்சியும் உண்போர்க்கு அவற்றின் இரும்பு எளிதிற் சேரும். ஆயினும், கடுஞ்சோகை கண்டபின் கீரையாலே மட்டும் அதனைத் தீர்ப்பேன் என்றிருத்தல், வற்றிய கிணற்றைப் பனியால் நிரப்ப முயல்வதை ஒக்கும்.

2012 இல் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பர் ஒருவர் களைப்பென்று வந்தார். ஈமோகுளோபின் 10.8. அவரும் மரக்கறி உண்பவர். உண்டவுடன் தேநீர் குடிப்பவர். குளிகையை எழுதினேன், அதே கடுதாசியில் அகநோக்கிப் பரிசோதனைக்கும் எழுதினேன். "சிறு களைப்புக்கு இவ்வளவு தடபுடலோ?" என்று சலித்துக்கொண்டார். முழங்கால் நோவுக்குக் கடையில் வாங்கிய குளிகைகளால் இரைப்பையில் ஆழ்ந்த புண் ஒன்று உண்டாகியிருந்தது. அது ஆறியது, அவர் இம்மலரை வாசித்துப் புன்னகை செய்வார்.

பழைய மாணவ அன்பர்களே, எம்மிற் பலர் ஐம்பதைக் கடந்தோம். களைப்பை வயதின்மேற் சுமத்துதல் எளிது. அவ்வாறு சுமத்துமுன் ஒரு துளி இரத்தத்தைச் சோதித்தறிக. எல்லார்க்கும் பரிமாறிய பின்பு கடைசியில் உண்ணும் எம் இல்லத்துப் பெண்களையும் மறவாதிருக்க. பாயிற் சுருண்டு கிடக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று கடியுமுன், அவளது கண்ணிமையைக் கீழிறக்கிப் பார்க்க. வைத்தியர் இரும்புக் குளிகை எழுதித் தந்தால், "இரும்பு எங்கே போயிற்று, ஐயா?" என்று பணிவோடு கேட்க. வெளியிலே எத்தனை பேர் காத்திருப்பினும் கேட்க.

அந்தக் கடித உறையை அவர் எனக்கே தந்துவிட்டார். என் மேசையின் இழுப்பறையில் அது இருக்கின்றது; பென்சில் எழுத்து மங்கிவிட்டது. நோயாளர் ஒருவருக்குக் குளிகை எழுதுமுன் அதனை எடுத்துப் பார்ப்பது, இளைப்பாறும் வரையில் என் வழக்கமாயிற்று. தேற்றங்கள் பலவற்றை யான் மறந்துவிட்டேன். செய்கை காட்ட வேண்டும் என்று கற்பித்த கல்லூரியையும், அதனைத் தம் உடலையே கரும்பலகையாக்கி எனக்கு மீண்டும் ஒருமுறை கற்பித்த ஆசிரியரையும் மறவேன். எமது கல்லூரி நீடு வாழ்க.